கல்லுக்குள் அடைத்தால் நஞ்சு தீர்ந்துவிடுமா?

புகுஷிமா விபத்தைப் பற்றி வகுப்பில் பேசிக்கொண்டிருந்தபோது ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: "சேர், கதிரியக்கத்தை உறிஞ்சி எடுக்கும் கல் ஒன்று இருக்கிறதாமே. அப்படியென்றால் ஜப்பான் ஏன் இன்னும் கஷ்டப்படுகிறது?"

நல்ல கேள்வி. அந்தக் கல் உண்மையிலேயே இருக்கிறது. அதன் பெயர் சியோலைட். ஆனால் உறிஞ்சுவது வேறு, அழிப்பது வேறு. இந்த வேறுபாடு விளங்காமல் அணுமின்சாரம் நல்லதா கெட்டதா என்று நாம் விவாதிப்பதில் பயனில்லை.

2011 மார்ச் 11ஆம் திகதி ஏற்பட்ட பூமியதிர்ச்சியும் சுனாமியும் புகுஷிமா அணுமின் நிலையத்தின் மின்சாரத்தை முடக்கின. குளிரூட்டும் வசதி இல்லாமற்போகவே மூன்று உலைகளின் எரிபொருள் உருகியது. அதைக் குளிர்விப்பதற்காகக் கடல்நீரும் நன்னீரும் பாய்ச்சப்பட்டன. அந்த நீர் கதிரியக்கச் சீசியத்தைக் கரைத்துக்கொண்டு கட்டடங்களின் அடித்தளங்களில் தேங்கியது. சீசியம் நம் உடலில் பொற்றாசியத்தைப் போலவே நடந்துகொள்ளும். உணவு, நீர் வழியாக உள்ளே சென்றால் தசைகளில் போய்ச் சேரும். எனவே அந்த நீரை அப்படியே வெளியே விட முடியாது.

அந்த ஆண்டு ஜூன் மாதமே சியோலைட் நிரப்பிய உருக்குக் கலன்களினூடாக நீரைச் செலுத்திச் சுத்திகரிக்கத் தொடங்கினார்கள். இது புதிய யோசனையுமல்ல. 1979இல் அமெரிக்காவின் த்ரீ மைல் தீவில் விபத்து நடந்த பின்னரும் இதே கனியம்தான் கைகொடுத்தது.

சியோலைட்டின் உள்ளே என்ன நடக்கிறது? சிலிக்கன், அலுமினியம், ஒட்சிசன் ஆகியவற்றால் ஆன தேன்கூடு போன்ற அமைப்பு அது. அலுமினியம் இருப்பதால் அந்தக் கூட்டுக்கு மறை ஏற்றம் உண்டு. அதைச் சமப்படுத்த சோடியம் போன்ற நேர் அயன்கள் துளைகளுக்குள் தளர்வாக அமர்ந்திருக்கும். சீசியம் வந்தால் சோடியம் எழுந்து இடம் கொடுத்துவிடும்.

கடல்நீரில் ஒரு லீற்றருக்குச் சுமார் 10 கிராம் சோடியம் இருக்கிறது. சீசியமோ அதனோடு ஒப்பிட முடியாத அளவு சொற்பம். அப்படியிருந்தும் சீசியத்துக்கே இடம் கிடைப்பது எப்படி? நெரிசலான பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். பெரிய மூட்டைகளை விடாமல் பிடித்துக்கொண்டிருப்பவரால் ஒடுங்கிய வாசலால் ஏறுவது கடினம். மூட்டையைக் கீழே வைத்துவிட்டு வருபவர் ஏறி அமர்ந்துவிடுவார். சோடியம் தன்னைச் சுற்றியுள்ள நீர் மூலக்கூறுகளை இறுகப் பிடித்திருக்கும். சீசியம் அவற்றை இலகுவாகக் கைவிட்டுத் துளைக்குள் நுழைந்துவிடும்.

இப்போது நீர் சுத்தமாகிவிட்டது, கலன் கதிரியக்கமாகிவிட்டது. நீரில் பரவியிருந்த அதே சீசியம்தான் கல்லுக்குள் குவிந்திருக்கிறது. அதிலிருந்து ஓர் அணுவும் அழியவில்லை. அதனால் கலன்களுக்குக் கதிர்வீச்சைத் தடுக்கும் கனத்த கவசம் வேண்டும். உள்ளே வெப்பம் பிறந்துகொண்டே இருக்கும். கல்லில் எஞ்சிய ஈரத்தைக் கதிர்வீச்சு உடைப்பதால் ஐதரசன் வாயு உண்டாகும். அது வெளியேற வழி வைக்க வேண்டும். கடலுப்பு உருக்கை அரிக்கும் என்பதால் அதையும் கவனிக்க வேண்டும். நிரந்தரத் தீர்வாக, சியோலைட்டை உருக்கிக் கண்ணாடியாகவோ சூடாக்கி மட்பாண்டம் போன்ற திண்மமாகவோ மாற்றலாம். அப்போதும் அதைக் காவல் காத்தே ஆக வேண்டும்.

எவ்வளவு காலம்? சீசியம்-137இன் அரைவாழ்வுக் காலம் சுமார் 30 ஆண்டுகள். 30 ஆண்டுகளில் பாதியாகும், 60 ஆண்டுகளில் காற்பங்காகும். ஏறத்தாழ ஆயிரத்தில் ஒரு பங்காகக் குறைய 300 ஆண்டுகள் செல்லும். 300 ஆண்டுகளுக்கு முன்னர் எமது கரையோரங்களை ஒல்லாந்தர் ஆண்டுகொண்டிருந்தார்கள். அவர்கள் ஒரு பெட்டியைப் புதைத்து, "திறக்க வேண்டாம்" என்று தமது மொழியில் எழுதி வைத்திருந்தால் இன்று எம்மில் எத்தனை பேரால் வாசிக்க முடியும்?

சியோலைட்டைக் குறை சொல்வது என் நோக்கமல்ல. அது இல்லையென்றால் புகுஷிமாவின் நிலை இன்னும் மோசமாகியிருக்கும். அது எமக்கு அவகாசத்தைத் தருகிறது. அந்த அவகாசத்தை ஒழுங்காகப் பயன்படுத்துவது மனிதரின் பொறுப்பு.

இலங்கையிலும் அணுமின்சாரம் பற்றி அவ்வப்போது பேசப்படுகிறது. மின்கட்டணத்தால் களைத்துப்போன மக்களுக்கு அந்தப் பேச்சு இனிக்கத்தான் செய்யும். அதை ஆதரிப்பவரும் எதிர்ப்பவரும் முதலில் கேட்க வேண்டியவை மூன்று: கழிவை எங்கே வைப்பது? யார் காவல் காப்பது? எந்தத் தலைமுறை செலவை ஏற்பது? அமானிதம் என்பதை எம் பிள்ளைகளுக்குச் சிறு வயதிலேயே சொல்லிக்கொடுக்கிறோம். இன்னும் பிறக்காத பேரப்பிள்ளைகளின் கையில், அவர்களைக் கேட்காமலே ஒன்றை ஒப்படைக்கப் போகிறோமென்றால், இந்தக் கேள்விகளுக்கு இன்றே பதில் வைத்திருக்க வேண்டும்.