இரண்டரைக் கோடிப் பேர், ஒரே பந்து

2019 உலகக் கோப்பை அரையிறுதியில் இந்தியாவும் நியூசிலாந்தும் மோதியதை ஹாட்ஸ்டாரில் ஒரே நேரத்தில் பார்த்தவர்கள் 2.53 கோடிப் பேர். தோனி ரன் அவுட் ஆனதும் அந்தக் கூட்டம் சில நிமிடங்களில் கரைந்துபோனது. இப்படி ஏறி இறங்கும் கூட்டத்துக்கு வீடியோவைக் கொண்டுசேர்க்கும் பொறுப்பை யாரிடம் கொடுப்பது?

அந்த வேலையைச் செய்பவைதான் சிடிஎன் நிறுவனங்கள். வீடியோ சில விநாடித் துண்டுகளாக வெட்டப்படுகிறது. அந்தத் துண்டுகளின் நகல்கள் பார்ப்பவருக்கு அருகிலுள்ள சர்வர்களில் இருக்கும். மதுரையில் ஆயிரம் பேர் பார்த்தாலும், மூல சர்வரிடம் ஒருமுறை கேட்டால் போதும்.

சர்வர்களை எங்கே வைப்பது என்பதில்தான் நிறுவனங்கள் பிரிகின்றன. எம்ஐடி பேராசிரியர் டாம் லெய்டனும் மாணவர் டேனியல் லெவினும் 1998இல் தொடங்கிய அகமாய், இணையச் சேவை நிறுவனங்களின் வலையமைப்புக்குள்ளேயே சர்வர்களைக் கொண்டுபோய் வைத்தது. ஃபாஸ்ட்லி குறைந்த இடங்களில் பெரிய மையங்களை வைக்கிறது. நகரத்து நேயர்களுக்கு இந்த இரண்டில் பெரிய வித்தியாசம் தெரியாது. சிறு ஊர்களில் நேயர்கள் பரவிக் கிடந்தால் அகமாயின் வழிக்கே என் ஓட்டு.

நெட்ஃபிளிக்ஸ் வாடகைக்கு எடுப்பதை விட்டுவிட்டுத் தனக்கென்றே 'ஓப்பன் கனெக்ட்' என்ற அமைப்பைக் கட்டியது. 2012இல் அதை அறிவித்தது. தகுதியுள்ள இணையச் சேவை நிறுவனங்களுக்குச் சர்வர் பெட்டியை இலவசமாகவே தருகிறது. போக்குவரத்து குறைந்த நேரத்தில் படங்கள் அதில் நிரம்பிவிடும். சினிமாவுக்கு இதைவிடச் சிறந்த ஏற்பாடு இல்லை. நேரலையில் இந்தச் சௌகரியம் கிடையாது. அடுத்த துண்டு இன்னும் பிறக்கவே இல்லையே! 2024 நவம்பரில் நெட்ஃபிளிக்ஸ் நேரலையாகக் காட்டிய டைசன்–பால் குத்துச்சண்டையை ஒரே நேரத்தில் 6.5 கோடித் திரைகள் கேட்டபோது, படம் மங்கியது, நின்றது என்று ஏராளமானோர் குறைப்பட்டார்கள்.

செலவையும் கணக்கிட்டுப் பாருங்கள். விநாடிக்கு 5 மெகாபிட் வேகத்தில் ஒரு மணி நேரம் ஓடினால் ஒருவருக்கு 2.25 ஜிபி, பத்தாயிரம் பேருக்கு 22.5 டெராபைட். ஜிபிக்கு ஒரு பைசா ஏறினாலும் ஒரு மணி நேரத்தில் 225 ரூபாய் கூடும். அதற்காக விலைப்பட்டியலை மட்டும் பார்த்து முடிவெடுப்பது ஆபத்து. 2021 ஜூன் 8 அன்று, ஒரு வாடிக்கையாளர் செய்த சாதாரண அமைப்பு மாற்றம் ஃபாஸ்ட்லியின் மென்பொருளில் ஒளிந்திருந்த பிழையைத் தூண்டிவிட, அதன் வலையமைப்பில் 85 சதவீதம் பிழைச் செய்தியைக் காட்டியது. லைம்லைட் என்ற பெயரில் வளர்ந்த எட்ஜியோவோ 2024 செப்டம்பரில் திவாலுக்கு மனு கொடுத்தது. 2025 ஜனவரியில் அதன் சேவையே நின்றது.

ஆகவே நேரலை நடத்துகிறவர்கள் இரண்டு நிறுவனங்களையாவது வைத்திருக்க வேண்டும் என்பேன். ஒன்று திணறினால் பிளேயர் அடுத்த துண்டை மற்றதிடம் கேட்கும். ஆனால் இரண்டும் தனித்தனியே மூல சர்வரைத் தேடி வரும் என்பதால், நடுவில் இரண்டுக்கும் பொதுவாக, நகல்களை வைத்திருக்கும் ஒரு கேஷ் அடுக்கு தேவை. அது இல்லாவிட்டால் மூல சர்வர் மீது சுமை இரட்டிப்பாகும்.

ஒப்பந்தத்துக்கு முன் சோதிக்கும்போது நாடு தழுவிய சராசரியை நம்பாதீர்கள். இரவு ஒன்பது மணிக்கு, ஜியோ, ஏர்டெல், பிஎஸ்என்எல் ஒவ்வொன்றிலும், படம் தொடங்க எத்தனை விநாடி ஆகிறது, எத்தனை முறை நின்று சுற்றுகிறது என்று மாவட்டவாரியாகப் பிரித்துக் கேளுங்கள்.