சார்ட்டில் இல்லாத 22 கோடி பங்குகள்

2022 மே மாதம் மத்திய அரசு தன் கையிலிருந்த எல்.ஐ.சி. பங்குகளில் 22.14 கோடியை ஐ.பி.ஓ. மூலம் விற்றது. கிடைத்த தொகை 20,557 கோடி ரூபாய். ஒரே வெளியீடுதான், விலை மட்டும் மூன்று.

889 ரூபாய் (பாலிசிதாரர்கள், 60 ரூபாய் தள்ளுபடி): 2.21 கோடி பங்குகள், 1,968 கோடி ரூபாய்
904 ரூபாய் (சிறு முதலீட்டாளர்கள், ஊழியர்கள், 45 ரூபாய் தள்ளுபடி): 7.08 கோடி பங்குகள், 6,397 கோடி ரூபாய்
949 ரூபாய் (நிறுவனங்கள், பெரிய முதலீட்டாளர்கள்): 12.85 கோடி பங்குகள், 12,192 கோடி ரூபாய்

தொகையைப் பங்குகளின் எண்ணிக்கையால் வகுத்தால் சராசரி அடக்க விலை 928.60 ரூபாய். மே 17 அன்று என்.எஸ்.இ.யில் பங்கு 872 ரூபாயில் தொடங்கியது. அன்று தொட்ட உச்சம் ஏறக்குறைய 920. பாலிசிதாரரும் சிறு முதலீட்டாளரும் சொற்ப லாபத்தில் வெளியேற ஒரு சிறு வாய்ப்பு இருந்தது. 949 கொடுத்தவருக்கு அதுவும் இல்லை. 2023 மார்ச் இறுதியில் விலை 530 வரை இறங்கியது. சராசரி அடக்கத்திலிருந்து பங்குக்கு 398.60 ரூபாய் நஷ்டம், அதாவது 43 சதவீதம். ஐ.பி.ஓ.வில் வாங்கிய அத்தனை பேரும் விற்காமல் வைத்திருந்தார்கள் என்று கொண்டால், காகிதத்தில் கரைந்தது சுமார் 8,800 கோடி.

எந்த விலையில் எவ்வளவு கைமாறியது என்று பார்த்து சப்போர்ட், ரெசிஸ்டன்ஸ் கண்டுபிடிக்கும் வால்யூம் சார்ட் முறையின் அடிப்படை இந்த மாதிரிக் கணக்குதான். அடக்க விலைக்குக் கீழே மாட்டிக்கொண்டவர், விலை திரும்பி அந்த இடத்துக்கு வந்தால் ‘தப்பித்தால் போதும்’ என்று விற்பார்; அது ரெசிஸ்டன்ஸ். மலிவாக வாங்கி லாபத்தில் இருப்பவர், விலை மறுபடி அங்கே இறங்கினால் இன்னும் கொஞ்சம் வாங்குவார், அது சப்போர்ட். ஆக, அதிகம் பேருடைய அடக்கம் எந்த விலையில் குவிந்திருக்கிறதோ அங்கே மோதல் இருக்கும். இதுவரை தர்க்கத்தில் குறை இல்லை.

கணக்கு போடும் விதத்தை ஒரு கற்பனைப் பங்கில் பார்க்கலாம். ஒரு நாளில் 10 லட்சம் பங்குகள் கைமாறின என்று வையுங்கள். 201 ரூபாயில் 40,000, 202இல் 70,000, 203இல் 1.2 லட்சம், 204இல் 1.9 லட்சம், 205இல் 2.3 லட்சம், 206இல் 1.5 லட்சம்; 207இல் 60,000; 208இல் 30,000; 209இல் 70,000; 210இல் 40,000. உச்ச வால்யூம் உள்ள 205தான் பிஓசி (பாயின்ட் ஆஃப் கன்ட்ரோல்). அடுத்து, மொத்தத்தில் 70 சதவீதம், அதாவது 7 லட்சம் பங்குகள் அடங்கும் பட்டையைப் பிடிக்க வேண்டும். பிஓசியில் தொடங்கி, மேலே இரண்டு விலைகள், கீழே இரண்டு விலைகள் என்று ஒப்பிட்டு, கனமான பக்கத்தைச் சேர்த்துக்கொண்டே போவது மரபு. மேலே 206, 207 சேர்ந்து 2.1 லட்சம். கீழே 204, 203 சேர்ந்து 3.1 லட்சம். கீழ்ப்பக்கம் சேர்ந்ததும் 5.4 லட்சம். அடுத்த சுற்றில் கீழே 1.1 லட்சம்தான் மிச்சம், மேலே 2.1 லட்சம், மேல்பக்கம் சேர்ந்து 7.5 லட்சம். பட்டை 203 முதல் 207 வரை. அதன் அடி சப்போர்ட், தலை ரெசிஸ்டன்ஸ். 208இல் 30,000தான் என்பதால் அங்கே விலை நிற்காமல் வழுக்கும் என்பது வாசிப்பு. அந்த நாளின் வால்யூம் எடையிட்ட சராசரி 205.04.

70 என்ற எண் வானத்திலிருந்து விழவில்லை. 1980களில் சிகாகோ போர்டு ஆஃப் டிரேடில் வியாபாரம் செய்த பீட்டர் ஸ்டைடில்மயர், ஒவ்வொரு அரை மணி நேரத்துக்கும் ஓர் எழுத்து வைத்து, அந்த நேரத்தில் விலை தொட்ட இடங்களிலெல்லாம் அந்த எழுத்தைப் பொறித்து ‘மார்க்கெட் ப்ரொஃபைல்’ வரைந்தார். படம் மணி வடிவில் வந்தது. மணி வடிவப் பரவலில் நடுவிலிருந்து இருபுறமும் ஒரு திட்ட விலக்கத்துக்குள் 68 சதவீதம் அடங்கும். அது முழுமையாக்கப்பட்டு 70 ஆனது. அவர் எண்ணியது நேரத்தை. வால்யூமை எண்ணும் வழக்கம் கணினி மலிந்த பிறகு பரவியது.

இனி குறைகள். பட்டியலில் 205இல் 2.3 லட்சம் என்று இருக்கிறது. வாங்கியது 2.3 லட்சம் என்றால் விற்றதும் 2.3 லட்சம். அதில் காலையில் வாங்கி மதியம் விற்ற இன்ட்ராடே கணக்கு எவ்வளவு? அவர்கள் நாளைக்கு இங்கே இல்லை. அவர்களால் சப்போர்ட்டும் இல்லை, ரெசிஸ்டன்ஸும் இல்லை. டெலிவரி 40 சதவீதம் என்றால் அந்த விலையில் தங்கியது சுமார் 92,000 மட்டுமே. அதுவும் உத்தேசம்தான், ஏனென்றால் பங்குச்சந்தை டெலிவரி அளவை முழு நாளுக்குத்தான் வெளியிடுகிறது, விலைவாரியாக அல்ல. சார்ட்டில் நீளமாகத் தெரியும் வால்யூம் கோட்டில் பாதிக்கு மேல் வெறும் காற்றாக இருக்கலாம். பிஓசியை மட்டும் சொல்லி டெலிவரியைச் சொல்லாத எந்தப் பரிந்துரையையும் நான் அரைக் கணக்காகவே எடுத்துக்கொள்வேன்.

பெட்டியின் அகலம் இன்னொரு சிக்கல். 1 பைசா நகர்வு உள்ள பங்கில் 200 முதல் 210 ரூபாய் வரை 1,001 விலைகள் உண்டு. அவற்றை ஒரு ரூபாய் பெட்டிகளாகக் கட்டினால் ஒரு பிஓசி, இரண்டு ரூபாய் பெட்டிகளாகக் கட்டினால் வேறொன்று. 2024 அக்டோபரில் ரிலையன்ஸ் ஒன்றுக்கு ஒன்று போனஸ் கொடுத்ததைப் போன்ற நேரங்களில் பழைய பதிவை விலையில் பாதியாக்கி, எண்ணிக்கையில் இரட்டிப்பாக்க வேண்டும். 3,000 ரூபாயில் 1 லட்சம் என்பது 1,500இல் 2 லட்சம்.

ஆனால் பெரிய ஓட்டை எல்.ஐ.சி. கணக்கில்தான் பளிச்சென்று தெரிகிறது. ஐ.பி.ஓ. ஒதுக்கீடு சந்தையில் நடந்த வர்த்தகம் அல்ல. அதனால் வால்யூம் சார்ட்டில் அது ஏறவே ஏறாது. 2022 மே முதல் 2024 ஜனவரி வரை, ஏறக்குறைய 20 மாதம், எல்.ஐ.சி. சார்ட்டில் 920க்கு மேல் வெற்றிடம். சார்ட்டை மட்டும் பார்த்தவர், 920ஐத் தாண்டினால் தடுக்க ஆளில்லை என்றிருப்பார். சந்தைக்கு வெளியே 949இல் 12.85 கோடி பங்குகள் அடக்கமாகி இருந்தன.

நடந்தது என்ன? 2024 ஜனவரி நடுவில் 900ஐத் தாண்டிய பங்கு, பிப்ரவரி 5 அன்று முதன்முறையாக 1,000 தொட்டது. 949இல் இருந்த அடக்கச் சுவர் மூன்று வாரம்கூடத் தாங்கவில்லை. சார்ட் ஜெயித்துவிட்டது என்று இதற்குப் பொருள் இல்லை. 20 மாதத்தில் 600, 700 ரூபாயில் வெறுத்து விற்றவரிடமிருந்து வாங்கியவருக்கு அடக்கம் 600, 700. அவர் 949இல் ஏன் பதற வேண்டும்? ஒவ்வொரு கைமாற்றமும் ஒரு பழைய அடக்கத்தை அழித்து ஒரு புதிய அடக்கத்தை எழுதுகிறது. வால்யூம் சார்ட் புதியதை எழுதும், பழையதை அழிக்காது. பற்று மட்டும் ஏறி வரவு ஏறாத பேரேடு அது. ஆகவே பழைய பட்டைக்கு எடை குறைத்துத்தான் மதிப்பிட வேண்டும். அந்த விலைக்குப் பின் நடந்த டெலிவரி, மொத்தப் புழக்கப் பங்குகளில் எத்தனை சதவீதம் என்று பார்த்தால் ஓரளவு பிடிபடும்.

பட்டை சரியாகவே அமைந்தாலும் செலவு இருக்கிறது. அதே கற்பனைப் பங்கில் 500ஐ 203இல் வாங்கி, பிஓசியான 205இல் விற்கத் திட்டம். ஸ்டாப் லாஸ் 202. ஆர்டருக்கு 20 ரூபாய் வாங்கும் டிஸ்கவுண்ட் புரோக்கரிடம் இன்ட்ராடேயாகச் செய்தால் தரகு 40, விற்பனை மீது 0.025 சதவீத எஸ்.டி.டி. (பங்குப் பரிவர்த்தனை வரி) சுமார் 26, ஜி.எஸ்.டி. 8, சந்தைக் கட்டணம் 6, முத்திரைத் தீர்வை 3. மொத்தம் 83 ரூபாய். ஜெயித்தால் 1,000 இல்லை, 917. தோற்றால் 500 இல்லை, 583. செலவில்லாத உலகில் 100க்கு 34 முறை ஜெயித்தால் கையைக் கடிக்காது. செலவோடு 39 முறை வேண்டும். இலக்கை 204ஆகவும் ஸ்டாப் லாஸை 202.50ஆகவும் சுருக்கினால் 417க்கு 333. இப்போது 45 முறை. நெருங்கிய லெவல்களில் அடிக்கடி ஆடுபவரைக் கொல்வது இந்த வித்தியாசம்தான். 2022–23 நிதியாண்டில் பங்குச்சந்தையில் இன்ட்ராடே செய்த தனிநபர்களில் 10 பேரில் 7 பேர் நஷ்டப்பட்டதாக செபி 2024 ஜூலையில் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. நஷ்டத்துக்கு மேல் அதில் 57 சதவீதத்தை அவர்கள் வர்த்தகச் செலவாகவும் கட்டியிருக்கிறார்கள்.

எல்.ஐ.சி. பேரேட்டில் இன்னொரு பதிவும் காத்திருக்கிறது. பொதுமக்கள் பங்கை 10 சதவீதமாக்க 2027 மே 16 வரை செபி அவகாசம் கொடுத்தது. அந்த அவகாசம் கிடைத்த 2024 மே மாதக் கணக்கில் பொதுமக்களிடம் இருந்தது 3.5 சதவீதம். மொத்தம் 632.5 கோடி பங்குகளில் மீதி 6.5 சதவீதம் என்றால் 41.1 கோடி, ஐ.பி.ஓ.வில் விற்றதைப் போல இரண்டு மடங்குக்குச் சற்றுக் குறைவு. எந்த விலையில் என்பது அரசு விற்கும் நாளில்தான் தெரியும்.