எஞ்சின் மாற்றிய பழைய டிரக்: கேபினுக்கு கரண்ட் எங்கிருந்து வருது?

1967-லிருந்து 72 வரைக்கும் வந்த செவர்லே சி10-ஐ எடுத்துக்குவோம். அமெரிக்காவுல எஞ்சின் மாத்துறவங்களுக்கு ரொம்பப் பிடிச்ச டிரக் அது. 1999-க்கு அப்புறம் சில்வராடோல வந்த 5.3 லிட்டர் எஞ்சினை உள்ளே இறக்கியாச்சு. புது எஞ்சினோட வயரிங்கும் மாட்டியாச்சு. ஆனா சாவியைத் திருப்பினா டாஷ்போர்டுல ஒரு லைட்கூட எரியலை. ஏன்னா, கேபினுக்கு கரண்ட் கொடுத்த வயர் பழைய எஞ்சின் வயரிங்கோடயே வெளியே போயிருச்சு.

பேட்டரியிலிருந்து கேபினுக்கு 10 கேஜ் வயர் ஒண்ணு புதுசா இழுத்தா போதும். ஆனா ஃபியூஸ் இல்லாம இழுக்கவே கூடாது, இதுல நான் பிடிவாதக்காரன். அந்த வயர் தகரத்துல உரசி உரை கிழிஞ்சா, பேட்டரி தன்கிட்ட இருக்கிற மொத்த கரண்டையும் அதுல கொட்டிடும். வயர் பழுத்து டிரக்கே எரியும். அதனால பேட்டரிப் பக்கத்துலயே, காக்கவேண்டிய வயரைவிட நாலு சைஸ் மெல்லிசா ஒரு ஃபியூசிபிள் லிங்க் வைக்கணும். 10 கேஜ் வயருக்கு 14 கேஜ் லிங்க், ஒரு சாண் நீளத்துக்கு மேல வேண்டாம். சாதாரண வயரை வெட்டி லிங்க்னு ஒட்டுறதெல்லாம் வேலைக்காகாது. அதோட உரை தீப்பிடிக்கும். லிங்க்குக்கு இருக்கிற உரை தீயைத் தாங்குற மாதிரி செஞ்சது.

ஆல்டர்னேட்டரோட சார்ஜிங் கேபிளை இந்த வயரோட சேர்க்காதீங்க. புது ஆல்டர்னேட்டர் 100 ஆம்பியருக்கு மேல தள்ளும். அது தனி கேபிள்ல, தனி ஃபியூஸோட, நேரா பேட்டரிக்குப் போகட்டும்.

இப்போ நிறைய பேர் மாட்டிக்கிற இடத்துக்கு வருவோம். பழைய பாயிண்ட் இக்னிஷன்ல காயிலுக்குப் போறது ரெசிஸ்டர் வயர். எஞ்சின் ஓடும்போது காயிலுக்கு 12 வோல்ட் முழுசா கிடைக்காது, வேணும்னேதான் அப்படிக் குறைச்சாங்க. ஸ்டார்ட் பண்ற நேரத்துக்கு மட்டும் ஸ்டார்ட்டர் சொலினாய்டிலிருந்து இன்னொரு வயர் வழியா முழு வோல்டேஜ் போகும். புது ஸ்டார்ட்டர்ல அந்த முனையே இருக்காது. இந்த ரெசிஸ்டர் வயரை நேரா இசிஎம்முக்குக் கொடுத்தா இன்ஜெக்டருக்கும் காயிலுக்கும் வோல்டேஜ் பத்தாது.

அதனால இசிஎம்முக்கு ரிலே வழியா கொடுங்க. 30-ல பேட்டரி கரண்ட், ஃபியூஸோட. 87 இசிஎம்முக்கு. 85 எர்த். 86-க்கு சாவியிலிருந்து வர்ற வயர். ரிலே காயில் இழுக்கிறது ரொம்பக் கம்மி. இதுல ஒரு வேடிக்கை, அந்தப் பழைய ரெசிஸ்டர் வயரேகூட ரிலேயை இழுத்துடும். ஆனாலும் நான் சுவிட்ச்சின் இக்னிஷன் முனையிலிருந்துதான் எடுப்பேன். ரேடியோ முனை வேண்டாம். ஸ்டார்ட் பண்ணும்போது அது அணைஞ்சிடும், எஞ்சின் சுத்தும், பிடிக்காது. ஸ்டார்ட்டரோட சின்ன வயரைக் கழட்டிட்டு, சாவியை ஸ்டார்ட்ல பிடிச்சுக்கிட்டே மீட்டர் வெச்சுப் பாருங்க. 12 வோல்ட் அப்படியே நிக்கணும்.

கடைசியா எர்த். கேபின் ரப்பர் மேல உக்காந்திருக்கு, தானா எர்த் கிடைக்காது. எஞ்சினிலிருந்து சேஸிக்கு ஒண்ணு, சேஸியிலிருந்து கேபினுக்கு ஒண்ணு, பெயிண்டைச் சுரண்டிட்டுப் போடுங்க. அப்புறம் ஹெட்லைட்டும் ஹீட்டர் ஃபேனும் ஓடட்டும். மீட்டரை பேட்டரி நெகட்டிவுக்கும் கேபின் தகரத்துக்கும் நடுவுல வைங்க. 0.2 வோல்ட்டுக்கு மேல காட்டினா, இன்னும் சுரண்டணும்.