போதையிலிருந்து மீட்கும் மருந்து

“மனவுறுதி இருந்தால் போதைப்பழக்கத்தை விட்டுவிடலாம்” என்று பலரும் கூறுவர். மனவுறுதி தேவைதான்; ஆயினும், அது மட்டும் போதுமா?

நம் மூளையின் நரம்பணுக்களில் ‘ஏற்பிகள்’ என்னும் நுண்ணிய புரதங்கள் உள்ளன. பூட்டிற்குரிய சாவியைப்போல, ஒவ்வோர் ஏற்பிக்கும் உரிய வேதிப்பொருள் உண்டு. உடலில் சுரக்கும் எண்டார்பின் இவற்றுள் சிலவற்றில் பொருந்தி வலியைத் தணிக்கிறது. அபினியிலிருந்து பெறப்படும் மார்பினும், மார்பினிலிருந்து உருவாக்கப்படும் ஹெராயினும் அதே ஏற்பிகளைத் தூண்டுகின்றன. இவ்வேற்பிகள் மூளையில் இருப்பதை 1973ஆம் ஆண்டில் கேண்டஸ் பெர்ட், சாலமன் ஸ்னைடர் ஆகிய அமெரிக்க அறிவியலாளர்கள் ஆய்வின்வழிக் காட்டினர்.

ஹெராயினைத் தொடர்ந்து பயன்படுத்துபவரின் மூளை அதற்குப் பழகிவிடுகிறது. திடீரென நிறுத்தினால் உடல்வலி, வாந்தி, வயிற்றுப்போக்கு, உறக்கமின்மை ஆகியன வருத்துகின்றன. இவற்றைத் தாங்க இயலாமல் பலர் மீண்டும் போதையை நாடுகின்றனர்.

இந்நிலையில் உதவுவது பியூப்ரினார்பின் என்னும் மருந்து. நாக்கின் அடியில் வைத்துக் கரைக்கப்படும் இம்மாத்திரை, ஏற்பிகளை இறுகப் பற்றிக்கொள்கிறது. ஆனால், அவற்றை ஓரளவே தூண்டுகிறது. கதவைப் பாதி மட்டும் திறக்கும் சாவி இது எனலாம். அதனால் வேதனையும் ஏக்கமும் தணிகின்றன. ஹெராயின் வந்தாலும் அதற்கு ஏற்பிகளில் இடம் கிடைப்பது அரிது.

“ஒரு போதைக்கு மாற்றாக மற்றொரு போதையா?” எனச் சிலர் ஐயுறுவர். மருத்துவர் அளவறிந்து தரும் இம்மருந்து, நோயாளி மயக்கமின்றித் தம் பணிகளைச் செய்யத் துணைபுரிகிறது. இதனைத் தாமாக இடையில் நிறுத்துவது ஆபத்தானது. பழைய அளவைத் தாங்கும் தன்மையை உடல் இழந்திருக்கும். அந்நிலையில் மீண்டும் ஹெராயினை எடுத்தால் மூச்சு அடங்கி உயிர் பிரியவும் கூடும்.

உலகச் சுகாதார நிறுவனம் 2005ஆம் ஆண்டில் பியூப்ரினார்பினை இன்றியமையா மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது. பஞ்சாப் அரசு 2017 முதல் புறநோயாளிகளுக்கான மையங்கள் வழியாக இம்மருந்தை வழங்கி வருகிறது. மருந்தோடு மனநல ஆலோசனையும் குடும்பத்தாரின் அரவணைப்பும் சேரும்போதே மீட்சி நிலைபெறும்.

நீரிழிவு நோயாளி நாள்தோறும் மருந்து உட்கொள்வதை நாம் இழிவாகக் கருதுவதில்லை. போதைக்கு அடிமையானவரும் நோயாளியே. நம் ஏளனத்துக்கு அஞ்சி அவர் மருத்துவமனையின் வாயிலை மிதிக்காமல் இருந்துவிட்டால், எந்த மருந்தாலும் அவரைக் காக்க இயலாது.

விடை தருக

1. ஏற்பிகள் பூட்டிற்கு ஒப்பிடப்படுவது ஏன்?
2. பியூப்ரினார்பின், ஹெராயின் ஆகியவற்றின் செயல்பாடுகளை வேறுபடுத்திக் காட்டுக.
3. போதைக்கு அடிமையானவரிடம் சமூகம் எவ்வாறு நடந்துகொள்ள வேண்டும்? உம் கருத்தை ஐந்து தொடர்களில் எழுதுக.