பழைய பெட்டியிலும் படிப்பு உண்டு

அலுவலகங்களும் வங்கிகளும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தங்கள் கணினிச் சாதனங்களை மாற்றிவிடுகின்றன. கழிக்கப்பட்ட பெட்டிகள் பழைய சாமான் வியாபாரிகளிடம் போய்ச் சேருகின்றன. புதிதாக வாங்கியபோது ஆயிரக்கணக்கான வெள்ளி விலை பெற்ற ஒரு சுவிட்ச், இப்போது அதில் ஒரு சிறு பங்குக்குக் கிடைக்கிறது. அதைக் கொண்டு வீட்டின் மூலையில் ஒரு வலையமைப்புப் பயிற்சிக்கூடத்தை எப்படி அமைப்பது என்று பார்ப்போம்.

"இந்தப் பழைய இரும்புக்கா இவ்வளவு காசு?" என்று தாய்மார்கள் கேட்பது நியாயமே. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடிப்பவர்கள் அவர்கள்தானே! ஆனால் ஒரு செய்தியை எண்ணிப் பாருங்கள். பிராங் புசார் தோட்டம் இருந்த மண்ணில் புத்ராஜெயா எழுந்தது. அங்கிருந்த தோட்டக் குடும்பங்கள் டிங்கிலுக்குப் பெயர்ந்தன. பக்கத்திலேயே 1999-இல் சைபர்ஜெயா திறப்பு விழாக் கண்டது. பால் மரம் நின்ற வட்டாரத்தில் இன்று கணினிக் கூடங்கள் நிற்கின்றன. அங்கே நம் பிள்ளைகள் காவலுக்கும் துப்புரவுக்கும் மட்டும் போக வேண்டுமா, உள்ளே அமர்ந்து கணினிகளைக் கட்டி மேய்க்க வேண்டுமா? அதுதான் கேள்வி.

சிஸ்கோ நிறுவனம் 1998-இல் தொடங்கிய சி.சி.என்.ஏ. என்ற சான்றிதழ்த் தேர்வு, இத்துறையில் நுழைவோருக்கு நன்கு அறிமுகமானது. புத்தகத்தை மனப்பாடம் செய்தால் மட்டும் அதில் தேற முடியாது. கையால் பூட்டி, கழற்றி, பிழை கண்டு பழக வேண்டும். அதற்குத்தான் பயிற்சிக்கூடம்.

தேவைப்படும் பொருள்கள் சிலவே. கணினிகளை ஒன்றோடொன்று இணைக்கும் சுவிட்ச் இரண்டு, ஒரு வலையமைப்பிலிருந்து மற்றொன்றுக்கு வழிகாட்டும் ரூட்டர் ஒன்று, பழைய மேசைக் கணினி இரண்டு, கேபிள் ஒரு சுருள், முனை பொருத்தும் கருவி ஒன்று. சின்னச் சாமான்களை புக்கிட் பிந்தாங் லோயாட் பிளாசா போன்ற இடங்களில் தேடலாம்.

வாங்கும் முன் கடைக்காரரிடம் மின்சாரம் கொடுத்துக் காட்டச் சொல்லுங்கள். விசிறி சுழல்கிறதா, துளைகளின் விளக்குகள் எரிகின்றனவா என்று பாருங்கள். கன்சோல் கேபிளைப் பொருத்தினால் பெட்டி தன் பெயரையும் மென்பொருள் பதிப்பையும் எழுத்தில் காட்டும். முந்திய உரிமையாளரின் கடவுச்சொல் இருந்தால், அதை நீக்கித் தரும்படி கேட்டுக்கொள்ளுங்கள். ரசீது கட்டாயம் வேண்டும். எங்கிருந்து வந்தது என்று சொல்ல முடியாத பெட்டியைத் தொடவே வேண்டாம்.

முதல் பாடம் கேபிள். அதன் உள்ளே எட்டுக் கம்பிகள், நான்கு இணைகளாக முறுக்கப்பட்டிருக்கும். வெள்ளை ஆரஞ்சு, ஆரஞ்சு, வெள்ளைப் பச்சை, நீலம், வெள்ளை நீலம், பச்சை, வெள்ளைப் பழுப்பு, பழுப்பு என்ற வரிசையில் இரு முனைகளிலும் பொருத்த வேண்டும். ஒரு கேபிள் 100 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. பிறகு இரு கணினிகளுக்கும் 192.168 என்று தொடங்கும் வீட்டு முகவரிகளைக் கொடுத்து, ஒன்றிலிருந்து மற்றொன்றைக் கூப்பிட்டுப் பார்க்கலாம். பதில் வந்த அன்று பிள்ளையின் முகத்தைப் பாருங்கள்!

அடுத்த பாடம் வி.லான். தைப்பூசத்தில் பத்துமலைப் படிகளில் ஏறுவோருக்கும் இறங்குவோருக்கும் தனித்தனி வழி விடுவதில்லையா? படிக்கட்டு ஒன்றுதான், தடுப்பு வைத்துப் பிரித்துவிடுகிறோம். அதுபோலவே ஒரே சுவிட்சைப் பல தனி வலையமைப்புகளாகப் பிரிக்கலாம். கணக்குப் பிரிவின் தகவல் விருந்தினர் கணினிக்குப் போகாது.

இரண்டு சுவிட்சுகளை இரண்டு கேபிளால் இணைத்தால், தடுப்பில்லாத இடத்தில் ஒரே செய்தி ஓயாமல் சுற்றிச் சுற்றி வந்து வலையமைப்பே நின்றுவிடும். இதற்கு ஸ்பேனிங் ட்ரீ என்ற வழியை 1985-இல் கண்டுபிடித்தவர் ராடியா பெர்ல்மன் என்ற பெண்மணி. உபரிப் பாதையை அது மூடி வைக்கிறது. முதல் பாதை அறுந்தால் திறந்துவிடுகிறது. ஆகவே இது ஆண் பிள்ளைகளின் விளையாட்டு என்று எண்ணிப் பெண் பிள்ளைகளை அடுப்படிக்கு அனுப்பிவிடாதீர்கள்.

செலவுக் கணக்குக்கு வருவோம். சிலர் ஆசைப்பட்டுப் பெரிய சர்வரையும் வாங்கிவிடுவார்கள். அது 150 வாட் இழுக்கிறது என்று வைத்துக்கொள்வோம். இரவும் பகலும் ஓடினால் நாளைக்கு 3.6 யூனிட், 30 நாளில் 108 யூனிட். மாலையில் 2 மணி நேரம் மட்டும் ஓட்டினால் மாதம் 9 யூனிட்தான். அதன் விசிறி போடும் இரைச்சலில் அடுக்குமாடி வீட்டில் குழந்தை தூங்காது. தொடக்கத்தில் சர்வர் வேண்டாம். பழைய மேசைக் கணினியே போதும்.

கிள்ளான் பள்ளத்தாக்கில் இடி மின்னலுக்குப் பஞ்சமில்லை. வானம் இருண்டால் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். நில இணைப்புள்ள மூன்று முனைப் பிளக்கையே பயன்படுத்துங்கள். மின்சாரப் பெட்டியின் மூடியைப் பிள்ளைகள் திறக்கவே கூடாது. உற்பத்தியாளர் ஆதரவை நிறுத்திவிட்ட ரூட்டருக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வாரா. அது படிப்புக்கு ஆகும். வீட்டு இணையத்துக்கு வாசற்காவலாக ஆகாது.

பழைய வட்டுகளில் பிறருடைய தகவல் இருக்கக்கூடும். அதைத் திறந்து பார்ப்பது அடுத்த வீட்டுக் கடிதத்தைப் பிரிப்பதற்குச் சமம். முழுவதும் அழித்துவிட்டே பயன்படுத்த வேண்டும். கெட்டுப்போன பெட்டியைக் குப்பைத் தொட்டியில் போடுவதும் தவறு. நம் நாட்டின் 2005-ஆம் ஆண்டு விதிகளில் மின்னணுக் கழிவு திட்டமிடப்பட்ட கழிவுகளில் ஒன்று. அதைச் சேகரிக்கும் இடத்தில் கொடுத்துவிடுங்கள்.

கையில் காசே இல்லையா? சிஸ்கோவின் பாக்கெட் ட்ரேசர் என்ற மென்பொருள் இலவசம். சுவிட்சும் ரூட்டரும் அதில் திரையிலேயே கிடைக்கும். மூன்று மாதம் அதில் உட்கார்ந்து பழகட்டும். ஆர்வம் நிலைத்தால் அதன் பிறகு பெட்டி வாங்கலாம். பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் மூன்று, நான்கு பேர் கூட்டுச் சேர்ந்தால் ஆளுக்கு வரும் செலவு இன்னும் குறையும். ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுக்கவும் வசதி.

பெற்றோர்களே, வாங்குவதற்கு முன் ஒரு நோட்டுப் புத்தகத்தைக் கொடுங்கள். அன்றன்று என்ன செய்தான், எது வேலை செய்யவில்லை, எப்படிச் சரிசெய்தான் என்று பிள்ளை எழுதி வரட்டும். நாளை வேலைக்கு நேர்முகம் காணப் போகும்போது, சான்றிதழோடு அந்த நோட்டையும் மேசைமேல் வைக்கலாம்.