பழைய ஜிப்ஸி வாங்குகிறவர் முதலில் குனிய வேண்டும்

கூரையை மடித்துவிட்டு ஓட்டும் ஜப்பானிய ஸ்போர்ட்ஸ் கார் என்றால் உலகம் முதலில் நினைப்பது மாஸ்டா மியாட்டாவை. 1989இல் வந்த அந்த இரண்டு இருக்கைக் கார் இதுவரை பத்து லட்சத்துக்கும் மேல் தயாராகியிருக்கிறது. ஆனால் மாஸ்டா என்ற பெயர் இங்கே லாரியிலும் வேனிலும் ஓடியதோடு சரி, அந்தக் கார் நம் ஷோரூம்களுக்கு வந்ததே இல்லை. நமக்கு வாய்த்த திறந்த ஜப்பானிய வண்டி மாருதி ஜிப்ஸிதான். சுசூகியின் எஸ்.ஜே. 410 வண்டியைக் கொஞ்சம் நீட்டி 1985 டிசம்பரில் அறிமுகம் செய்தார்கள். 2019 வரை ஏறக்குறைய அதே முகத்தோடு வந்தது. வேகத்தில் அது ஸ்போர்ட்ஸ் கார் ஆகாது. ஆனாலும் படுதாவைக் கழற்றிவிட்டு மலைப்பாதையில் ஏறும் சுகத்துக்காகவே அதைத் தேடி வாங்கிப் புதுப்பிக்கிறவர்கள் இருக்கிறார்கள். கம்பம்மெட்டிலும் போடிமெட்டிலும் ஏலத்தோட்டத்துக்கு ஆள் ஏற்றிப்போகும் ஜீப்புகளைப் பார்த்தே வளர்கிற கோம்பை, தேவாரம் பக்கத்து இளைஞர்களுக்கு அந்த ஆசை வருவது இயல்பு. வாங்கப் போகும்போது எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி, ‘எஞ்சின் எப்படி?’ அது கடைசியாகக் கேட்க வேண்டிய கேள்வி என்பேன். தரைத் தகடும் ஆர்.சி. புத்தகமும்தான் முதலில்.

காரணம் எளிது. ஜிப்ஸியின் எஞ்சின் ஜிப்ஸிக்கு மட்டும் உரியதல்ல. முதலில் வந்த 970 சி.சி. எஞ்சின்தான் மாருதி 1000 காரிலும் இருந்தது. 1996இல் ஜிப்ஸி கிங் என்ற பெயரில் வந்த 1300 சி.சி. எஞ்சினின் குடும்பம்தான் எஸ்டீமிலும் ஓடியது. அதனால் பிஸ்டன், பேரிங், கேஸ்கெட் எதற்கும் பெரிதாக அலைய வேண்டியதில்லை. புகை தள்ளினால் ரீபோர் செய்துகொள்ளலாம். கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவத் தெரிந்த மெக்கானிக் சிற்றூர்களிலும் இருக்கிறார். எஞ்சின் வேலைக்கு இவ்வளவு ஆகும் என்று முன்கூட்டியே கணக்குச் சொல்லிவிடலாம். உளுத்துப்போன பாடிக்கு அப்படிக் கணக்குச் சொல்ல யாராலும் முடியாது. பிரிக்கப் பிரிக்கச் செலவு வளரும்.

திறந்த வண்டிக்குத் தண்ணீர்தான் முதல் எதிரி. மியாட்டாவிலும் கதை இதுதான். மடக்குக் கூரையில் விழும் மழைநீர் வடிய, இருக்கைக்குப் பின்னால் சிறு துளைகள் உண்டு. இலையும் தூசியும் சேர்ந்து அவை அடைத்துக்கொண்டால், தண்ணீர் கதவுக்குக் கீழே இருக்கும் சட்டத்துக்குள் இறங்கி உள்ளிருந்தே அரிக்கும். வெளியே பெயிண்ட் பளபளப்பாக இருக்கும்போதே உள்ளே தகடு போயிருக்கும். ஜிப்ஸியில் படுதாவின் இடுக்கு வழியாக ஒழுகும் நீர் தரை விரிப்புக்கு அடியில் தங்குகிறது. ஆகவே வாங்குகிறவர் விரிப்பைத் தூக்கி, ஸ்க்ரூ டிரைவரின் பிடியால் தரையைத் தட்டிப் பார்க்க வேண்டும். நல்ல தகடு கணீரென்று சொல்லும். துருவேறியது மந்தமாக ஒலிக்கும். பிறகு ஒரு சிறு காந்தத்தைத் துணியில் சுற்றிச் சக்கர வளைவு நெடுக நகர்த்தினால், எங்கே அது ஒட்டாமல் வழுக்குகிறதோ அங்கே கனமாகப் பட்டி பூசியிருக்கிறது என்று அர்த்தம். கடைசியாக அடியில் குனிந்து, ஸ்பிரிங் பட்டைகள் சேசிஸில் மாட்டும் இடங்களைப் பார்க்க வேண்டும். அங்கே தகடு உதிர்ந்தால், விலை எவ்வளவு குறைவானாலும் அந்த வண்டி வேண்டாம்.

வண்டி எங்கே வாழ்ந்தது என்பதும் முக்கியம். கம்பம் பள்ளத்தாக்கில் தகரக் கொட்டகைக்குள் நின்ற வண்டிக்கும், மலைக்கு அந்தப் பக்கம் இடுக்கி மழையில் நனைந்துகொண்டே உழைத்த வண்டிக்கும் ஒரே வயதிருக்கலாம், ஒரே ஆயுள் இருக்காது. கடலோர ஊர் வண்டியில் உப்புக்காற்று தனிச் சேதம் செய்திருக்கும்.

அடுத்தது காகிதம். டெல்லியில் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்குக் கட்டுப்பாடு வந்தபின், வடக்கத்தி ஜிப்ஸி மலிவாகக் கிடைக்கிறது என்று சொல்லி விற்பவர்கள் உண்டு. அந்த மாநிலத்து என்.ஓ.சி. இல்லாவிட்டால் இங்கே அதைப் பதிய முடியாது. பதியும்போது கட்டவேண்டிய சாலை வரியையும் விலையோடு கூட்டிக்கொள்ள வேண்டும். ராணுவ ஏல வண்டிக்குச் சிவில் பதிவே இருந்திருக்காது. ஏலத்தில் கொடுத்த ஆவணங்களை வைத்துத்தான் பதிவு தொடங்கும். சேசிஸில் குத்திய எண் ஆர்.சி.யோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். துரு அந்த எண்ணையே தின்றுவிட்டால், எத்தனை நல்ல எஞ்சின் இருந்தும் எஃப்.சி.யில் நிற்காது.

‘பெட்ரோல் கட்டுப்படியாகாது, ஒரு டீசல் எஞ்சினைத் தூக்கி வைத்துவிடலாமே’ என்று பட்டறைகளில் சொல்வார்கள். செலவை நினைத்துச் சொல்லும் யோசனைதான், கெட்ட எண்ணமில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆவது பிரிவுப்படி எஞ்சின் மாற்ற ஆர்.டி.ஓ.வின் ஒப்புதல் வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த அடிப்படை விவரங்களிலிருந்து மாறும்படி வண்டியை மாற்றக்கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது. விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் நிறுவனம் முதலில் தேடுவதும் இந்த ஓட்டையைத்தான்.

ஜிப்ஸி வாங்குவதற்கே எழும் வலுவான ஆட்சேபம் பாதுகாப்பு. ஜிப்ஸியில் ஏர்பேக் கிடையாது, ஏ.பி.எஸ். கிடையாது, புதிய பாதுகாப்பு, புகை விதிகள் வந்தபோதுதான் அதன் தயாரிப்பே நின்றது. அதே பணத்தோடு கொஞ்சம் சேர்த்தால் நல்ல புது வண்டி வருமே என்பது நியாயமான கேள்வி. குடும்பத்தோடு தினமும் போக வண்டி தேடுகிறவருக்கு என் பதிலும் அதுதான்: புதியதை வாங்குங்கள். ஞாயிற்றுக்கிழமை ஒருவரோ இருவரோ, சீட் பெல்ட் போட்டு, நிதானமாக ஓட்டுவதற்கு மட்டுமே ஜிப்ஸி. அந்த எல்லைக்குள் வைத்திருந்தால், பிரேக்கும் ஸ்டியரிங்கும் சரியாக இருக்கும்வரை அதை ஒதுக்கக் காரணமில்லை.

உண்மையான தடை உதிரிபாகம். எஞ்சின் சாமான் கிடைக்கிறது. கதவு பீடிங், படுதாக் கொக்கி, டேஷ்போர்டு போன்றவை அரிதாகி வருகின்றன. ஜப்பானில் மாஸ்டா தன் முதல் தலைமுறை மியாட்டாக்களை உரிமையாளர்களிடமிருந்து பெற்று, பிரித்துப் புதுப்பித்துக் கொடுக்கும் திட்டத்தைத் தொடங்கி, மடக்குக் கூரையிலிருந்து மரத்தாலான ஸ்டியரிங் வரை மறுபடி தயாரித்தது. முப்பது ஆண்டுக்கு மேல் ஒரே வடிவத்தில் விற்ற வண்டிக்கு மாருதியும் இதைச் செய்யலாம். அச்சு அவர்களிடம் இருந்த வண்டி. வாங்குவதற்கு ஆட்களும் இருக்கிறார்கள்.