நாலரை மணிக்குப் பிறகு

பள்ளிக்கூடம் நாலரைக்குள் விட்டுவிடும். வியாசர்பாடியிலும் காசிமேட்டிலும் பல வீடுகளில் அப்பாவும் அம்மாவும் வேலை முடிந்து திரும்ப இரவு எட்டு ஆகிவிடும். இடைப்பட்ட நேரத்தில் பிள்ளை எங்கே இருக்கிறான், யாரோடு இருக்கிறான் என்பதைப் பொறுத்துத்தான் அவன் பிளஸ் டூ வரை போவதும் பாதியில் நிற்பதும். ஒற்றை அறை வீட்டில் புத்தகத்தை விரிக்க இடம் கிடையாது. தெருவோ பதினாலு வயதுப் பையனைக் கூலி வேலைக்கும் கூப்பிடும், வம்புக்கும் கூப்பிடும்.

அந்த நேரத்துக்கு வடசென்னை தனக்குத் தெரிந்த வழியில் ஓர் ஏற்பாடு செய்துகொண்டது: கேரம் கிளப். சின்ன அறை, பலகைக்கு மேலே தாழத் தொங்கும் பல்பு, பத்தொன்பது காய், ஒரு ஸ்ட்ரைக்கர், கொஞ்சம் பவுடர். ஆடுவது நாலு பேர் என்றால் சுற்றி நின்று பார்ப்பது பத்துப் பேர். ஷூ வேண்டாம், ஜெர்சி வேண்டாம், மைதானமும் வேண்டாம். இந்த ஏரியாவில் வேறெந்த விளையாட்டு இவ்வளவு மலிவு?

இங்கிருந்து சாம்பியன்களும் வந்தார்கள். வியாசர்பாடி இளவழகி 2008இல் பிரான்ஸின் கான் நகரில் உலகப் பட்டம் வென்றார். ஆட்டோ ஓட்டுநரின் மகளான காசிமா 2024இல் அமெரிக்காவில் நடந்த உலகக் கோப்பையில் தனிநபர், இரட்டையர், குழு என மூன்று தங்கம் வாங்கினார். தமிழக அரசு அவருக்கு ஒரு கோடி ரூபாய் கொடுத்தது. தகும், நூறு முறை தகும்.

ஆனால் கிளப்பின் அருமையைப் பதக்கத்தை வைத்து அளப்பதை என்னால் ஏற்க முடியவில்லை. மாவட்டப் போட்டிக்குக்கூடத் தேர்வாகாத பையனுக்கும் அங்கே ஓர் அண்ணன் இருக்கிறார். நாலு நாள் தலை காட்டாவிட்டால், "ஏன்டா வரல? ஸ்கூலுக்காவது போனியா?" என்று கேட்பார். வீட்டுக்கும் பள்ளிக்கும் வெளியே தன்னைத் தேடும் பெரியவர் ஒருவர் இருப்பது அந்த வயதில் எவ்வளவு பெரிய பிடிமானம்! பெண் பிள்ளைகளுக்கு இதுவும் எளிதில் வாய்ப்பதில்லை. அப்பாவோ அண்ணனோ கூட்டிப் போனால்தான் பல கிளப்புகளின் வாசலையே அவர்கள் மிதிக்க முடிகிறது.

மாலை நேரத்தின் அருமை அரசுக்குத் தெரியாததல்ல. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த இழப்பை ஈடுகட்ட, 2021 அக்டோபரில் மரக்காணம் அருகே முதலியார்குப்பத்தில் 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கப்பட்டது. திண்ணையிலும் கோயில் வாசலிலும் மாலையில் ஒன்றரை மணி நேரம் வகுப்பு. தன்னார்வலருக்கு மாதம் ஆயிரம் ரூபாய். பாடினார்கள், கதை சொன்னார்கள், கூடவே கணக்கும் போட்டார்கள். அந்தந்தத் தெருப் பெண்களே பாடம் எடுத்ததால் தாய்மார்கள் தயக்கமில்லாமல் பிள்ளைகளை அனுப்பினார்கள். நல்ல திட்டம்தான். ஆனால் அது எட்டாம் வகுப்போடு நின்றது. தெரு கைநீட்டிக் கூப்பிடுவதோ ஒன்பதாம் வகுப்பிலிருந்துதான். அந்த வயதுக்காரர்களைத் தங்கள் கைக்காசில் வாடகை கட்டும் கிளப்காரர்களிடம் விட்டுவிட்டோம்.

வடசென்னையின் இந்தப் பகுதிகளில் மாநகராட்சிப் பள்ளிகள் உண்டு. மாலையானால் அவற்றின் கேட்டுக்குப் பூட்டு. பள்ளிக்கு ஓர் அறையை இரவு எட்டரை வரை திறந்து வைக்கலாம். இரண்டு கேரம் போர்டு, படிக்க ஒரு மேசை, பெண்களுக்குத் தனி நேரம், பொறுப்புக்கு அதே ஏரியா ஆள் ஒருவர், அவருக்கு மாதச் சம்பளம். ஜெயித்து வந்த பிறகு கோடி கொடுக்கும் அரசுக்கு இது பெரிய தொகை அல்ல. வரும் பட்ஜெட்டிலேயே ஒதுக்கலாம்.